நூத்துக்கு எழுவத்தொண்ணு

“வீட்டுல கொண்டுவந்து எறக்குனோம்மா, கட்டில்ல கெடத்துனோம், பிள்ளைய எல்லாம் ஆளுக்கு ஒரு சொட்டு பால் ஊத்துச்சு, அரை மணி நேரத்துல போயிட்டாவ”ன்னு போன்ல அந்தக்கா சொல்லுதாவ, எங்கையில பேனா ‘நலம்’னு எழுத ‘ந’ போட்டு முடிச்சு அடுத்த எழுத்துக்குப் போற வழியில நிக்குது. எங்க போயிட்டாவன்னு கேட்டேன். கேட்டே கேட்டுட்டேன்! எம்.எஸ்ஸி படிச்சவ கேக்குத கேள்வியா அது. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்குது, அப்புறம் ரொம்பப் பொறுமையா, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி, “எறந்துட்டாவம்மா. மார்ச்சு மாசம். உங்க ஆஸ்பத்திரில இருந்து ஆம்புலன்ஸ்ல கொண்டுவந்த அன்னைக்கே. நீங்க அங்கருந்துதான பேசுதீய, உங்களுக்குத் தெரியாதா?” தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. சாரிக்கான்னு சொல்லி வச்சுட்டு கம்ப்யூட்டரப் பாக்கேன். நூத்தி நாப்பத்தி மூணாவது வரி. பேரு, வயசு, எந்தப் பக்கம் ரத்தம், எவ்வளவு ரத்தம், கடைசிக் கட்டத்துல 1. ஒண்ணுன்னா உயிரோட இருக்காரு, பூஜ்யம்னா இல்ல. அந்த ஒண்ண நாந்தான் போட்டேன். போட்டதோட விட்டேனா, ஒண்ணு வர்ற கட்டம் எல்லாம் பச்சைக் கலர்ல தெரியணும்னு வேற செஞ்சு வச்சிருக்கேன், பாக்கச் சந்தோசமா இருக்கட்டும்னு. மணி ஒண்ணு இருவது. ரெக்கார்டு ரூம்ல ஃபேன் மட்டும் சுத்துது. இந்த வரி ஒண்ணு மட்டும் இல்லன்னு எனக்கு அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு.

எங்க ஆஸ்பத்திரில, பாளையங்கோட்டையில, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஐசியூவுக்கு வந்தவங்க நாலு வருசத்துக்கு முன்னூத்திப் பன்னெண்டு பேரு. அவங்க பழைய ஃபைல் எல்லாத்தையும் தூசி தட்டி கம்ப்யூட்டர்ல ஏத்தி, இனிமே புதுசா ஒருத்தர் வந்தா அவர் பிழைப்பாரா மாட்டாரான்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமான்னு பாக்குதது, அதான் என் வேலை, எட்டு மாசமா, ஞானதுரை டாக்டருக்குக் கீழ. பிரமாதமான வேலை தெரியுமா! வீட்டுல சாப்பிடும்போதுகூட இதையேதான் பேசிட்டு இருப்பேன், அம்மா “ஏட்டி, சோத்து முன்னால மூளையப் பத்திப் பேசாத”ம்பா. இதுல முக்கியமான விசயம் முழிப்பு மார்க். கண்ணத் தெறக்காங்களா, பேசுதாங்களா, கை கால அசைக்காங்களான்னு பாத்து மூணுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவாங்க, நல்லா முழிச்சிருந்தா பதினஞ்சு, ஒண்ணுமே இல்லன்னாலும் மூணு, அதுக்குக் கீழ கெடையாது. மார்க் கொறையக் கொறைய பிழைக்கறவங்களும் கொறைவாங்க, உலகம் பூரா அப்படித்தான். ஆனா எங்க ஆஸ்பத்திரில அப்படி இல்ல! கொறைஞ்சுகிட்டே வந்து கடைசில மூணு, நாலு மார்க்குக்கு வரும்போது சடார்னு ஏறுது. அந்த மார்க்குல அம்பத்திரெண்டு பேரு, முப்பத்தேழு பேர் பிழைச்சிருக்காங்க. நூத்துக்கு எழுவத்தொண்ணு. அதப் பாத்த அன்னைக்கு நான் நாக்காலிய விட்டு எந்திரிச்சு ஆடுனேன், நெசமாவே ஆடுனேன், யாருமே கண்டுபிடிக்காதத கண்டுபிடிச்சிட்டோம், நம்ம ஊர் தண்ணியா, சாப்பாடா, என்னமோ இருக்குன்னு. டாக்டர்கிட்ட ஓடிப்போய்க் காட்டுனேன். அவர் கண்ணாடியத் தூக்கி விட்டுட்டு “ம்... நல்லா இருக்கே. எதுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு இப்ப எப்படி இருக்காங்கன்னு கேளு பிரிசில்லா, அதுவரைக்கும் இத யாருக்கும் காட்டாத”ன்னாரு. நான் தலைய ஆட்டுனேன். ஆட்டிட்டு இன்னைக்குக் காலைல காட்டிட்டேன்.

சங்கரவடிவம்மாகிட்ட. ஐசியூ வாசல்ல வரிசையா போட்டிருக்க இரும்பு நாக்காலில கடைசி நாக்காலி அவங்களோடது, ஆறு நாளா. வீட்டுக்காரர் ஆவுடையப்பன், வயசு அம்பத்தெட்டு, டயர் ஒட்டுத பட்டறை வச்சிருக்காரு, ஒரு லாரி டயரத் தூக்கி நிறுத்திட்டு “தலை ஒரு மாதிரி இருக்கு”ன்னு சொல்லி அது மேலயே சாஞ்சவருதான். ஏழாம் நம்பர் பெட்டு. முழிப்பு மார்க் நாலு. காலைல ஒரு ஃபாரத்த நிரப்பித் தரச் சொல்லி என்னக் கூப்பிட்டாவ, நிரப்புனேன், அப்புறம் எங்கைய விடல. “எம்மா, நீ கம்ப்யூட்டர்ல எல்லாரு கணக்கையும் வச்சிருக்கியாமே, சிஸ்டர் சொன்னா. எம்மவன் மாசானம் கத்தார்ல இருக்கான். அவன் முதலாளி வருசத்துக்கு ஒரு தடவதான் லீவு விடுவான். இப்ப வந்தான்னா, அப்பா முழிச்சு எந்திரிச்சு நடக்கப் பழகும்போது கூட இருக்க முடியாது. இப்ப வராம இருந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா... ஒரு வார்த்த பாத்துச் சொல்லேன்.” நான் என்ன செஞ்சிருக்கணும்? டாக்டரக் கேளுங்கம்மான்னு சொல்லிருக்கணும். டாக்டரக் கேட்டா அவர் இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்பாரு, ஆறு நாளா அதத்தான் சொல்லுதாரு. எனக்கு அந்த மூஞ்சியப் பாத்துட்டு, கையில பதில வச்சுகிட்டு, சொல்லாம வர முடியல. போன எடுத்தேன், மார்க்கப் போட்டேன், “எழுவத்தொண்ணும்மா”ன்னேன். “நூத்துக்கா?” “நூத்துக்குத்தான்.” “பாஸ் மார்க்கு முப்பத்தஞ்சுதான? அப்ப ரெண்டு பாஸு வருதே!”ன்னு சிரிச்சாவ, ஆறு நாள்ல அந்தப் பல்ல நான் பாத்ததே இல்ல. எம்முன்னாலயே போனப் போட்டாவ. “எலேய் மாசானம், நீ வராண்டாம்லே. அப்பா எழுவத்தொண்ணு மார்க்காம். இங்க ஒரு பிள்ள கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிட்டா. லீவ அப்படியே வையி.” அந்தப் பிள்ள நான்.

லீவு வேணும்னா இன்னைக்கு மத்தியானம் அங்க பன்னெண்டு மணிக்குள்ள ஆபீஸ்ல பேர் குடுத்தாத்தான் பாஸ்போர்ட்ட எடுத்துத் தருவாங்களாம், நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஆபீஸ் கெடையாது. இதும் அவங்க சொன்னதுதான். அங்க பன்னெண்டுன்னா இங்க ரெண்டரை. இப்ப ஒண்ணு இருவத்தஞ்சு. உடனே எந்திரிச்சு ஓடணும்ல? ஓடல. என் கால் நாக்காலிக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு சுத்திக்கிட்டு கெடக்கு, கை பாட்டுக்கு லிஸ்ட வடிகட்டுது. முப்பத்தேழு பச்சையில எத்தனை பேரு கேட்டு வாங்கி வீட்டுக்குப் போனவங்கன்னு பாத்தா, முப்பத்திமூணு. முப்பத்திமூணு! ஃபைல்ல ஒவ்வொண்ணுலயும் ஒரே வாக்கியம், உறவினர் கேட்டுக்கொண்டதால் டிஸ்சார்ஜ். நான் டிஸ்சார்ஜுங்கத மட்டும் பாத்துப் பச்ச அடிச்சிருக்கேன். சும்மா இருக்காதன்னு மனசு சொல்லுது, உறுதியாத் தெரிஞ்சுகிட்டுப் போய்ச் சொல்லு, ஒரு போன வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு படிச்சிருக்கல்ல. போட்டேன். ஒருத்தர் எடுத்த எடுப்புல “சிம்கார்டெல்லாம் வேண்டாம், வையி”ன்னாரு, நான் ஆஸ்பத்திரிண்ணாச்சி, ஆஸ்பத்திரின்னு கத்துனேன், அதுக்கு “ஆஸ்பத்திரியும் வேண்டாம்”னு வச்சுட்டாரு. அடுத்தவங்க, மறுநாள் காலைல. அதுக்கடுத்தவங்க, ஆம்புலன்ஸ் டவுன் ஆர்ச்சு தாண்டயிலயே. அடுத்தவங்க போன எடுக்கல. ஒவ்வொருத்தரும் சாரிம்மான்னு எங்கிட்ட சொல்லுதாங்க, நான் எதுக்கு போன் பண்ணேன்னே தெரியாம எனக்கு ஆறுதல் சொல்லுதாங்க, நான் பச்சைய அழிச்சு அழிச்சு வெள்ளையாக்கிட்டே வாரேன், பல்லு விழுந்த மாதிரி ஆகிட்டே வருது அந்தப் பக்கம்.

இதுல கொடுமை என்னன்னா இது எனக்குத் தெரியும். தெரியவே தெரியாதுன்னு அந்தக்காகிட்ட சொன்னது பொய். பெருமாள்புரத்துல எங்க பக்கத்து வீட்டு சொர்ணம் மாமாவ ஆம்புலன்ஸ்ல கொண்டுவந்தப்ப கேட்டுக்கு முன்னால நின்ன எங்க ஸ்கூட்டியத் தள்ளி வச்சது நாந்தான், பிளஸ்டூ படிச்சிட்டிருந்தேன். உள்ள ஒரு அண்ணன் ரப்பர் பந்து மாதிரி ஒண்ண அமுக்கி அமுக்கி மாமாவுக்கு மூச்சு குடுத்துகிட்டே எறங்குனாரு, ஸ்ட்ரெச்சர் வாசப்படியில தட்டிடக் கூடாதுன்னு எல்லாரும் “மெல்ல, மெல்ல”ங்காவ, மாமா மவ, அவர் காதுகிட்ட குனிஞ்சு “அப்பா, வீடு வந்துட்டு, நம்ம வீடு வந்துட்டுப்பா”ன்னு சொல்லிட்டே இருந்தா, சத்தமா, காது கேக்காதவங்ககிட்ட சொல்லுத மாதிரி. மாமா கட்டுன வீடு அது, உசிரோட வாசல் தாண்டணும், ஐசியூல ஒத்தையில போகக்கூடாது, அவ்வளவுதான் அவங்களுக்கு. அதப் பாத்து அழுதவ நான். அழுதவளும் பச்ச அடிச்சவளும் ஒரே ஆளுதான், ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கவே இல்லயே, அது எப்படி? மாமா ஃபைல் இந்த ஆஸ்பத்திரில இருந்திருந்தா அவருக்கும் ஒண்ணுதான் போட்டிருப்பேன். இப்ப நெனச்சா ஸ்கூட்டி ஹேண்டில் சூடு உள்ளங்கையில தெரியுது. புரட்டாசி வெயிலா சித்திரை வெயிலான்னு ஞாபகம் இல்ல, சூடு மட்டும் இருக்கு.

ஒண்ணு அம்பது. தண்ணி குடிக்கப் போனேன், குடிக்கத்தான்னு எனக்கே சொல்லிக்கிட்டேன், ஐசியூ அந்தத் தளத்துலதான் இருக்குங்கத கால் மறந்த மாதிரி நடிச்சுது. குழாய்கிட்ட மரகதவல்லி சிஸ்டர் டிபன் பாக்ஸ் கழுவிட்டு நின்னாவ. “என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி வார?” சொன்னேன். மார்க் கீழ போனா பிழைக்கறவங்க ஏறுதாங்கன்னு கணக்கு வந்துச்சு சிஸ்டர், அது வீட்டுக்குக் கொண்டுபோனவங்க, எல்லாருமே... முடிக்கல, அதுக்குள்ள அவங்க ஸ்பூனக் கையில வச்சுகிட்டே என்னப் பாக்காவ. “ஏ பிரிசி, நீ எந்த ஊர்க்காரி? அமெரிக்காவா? கொண்டுபோறாங்கன்னா எதுக்குக் கொண்டுபோறாங்க, சீராட்டவா? இங்க தரை தொடைக்க மாரியக்காவக் கேட்டாக்கூட சொல்லிருக்குமே.” “நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல சிஸ்டர்.” “நீ கேட்டியா? எட்டு மாசமா கம்ப்யூட்டரு கம்ப்யூட்டருன்னு குதிச்சிட்டு வார, பிள்ள சந்தோசமா இருக்கேன்னு நாங்களும் விட்டுட்டோம்.” அப்புறம் குரலக் கொறைச்சு, “ஏழாம் நம்பர் அம்மாகிட்ட என்னமோ சொன்னியாமே, காலைலேர்ந்து அந்தம்மா ஆளே வேற மாதிரி இருக்கு. நீதானா?” டாக்டர் எங்கன்னு கேட்டேன். ஆபரேசன் தியேட்டருக்குள்ள போயிட்டாரு, நாலு மணி ஆகும். அப்ப நாந்தான். வேற யாரும் இல்ல. தண்ணி குடிக்காமலே திரும்பி வந்துட்டேன், கோழை, கோழைன்னு ஒவ்வொரு படிக்கும் ஒண்ணு சொல்லிட்டு எறங்குனேன். ஆனா சும்மா எறங்கல, புது நம்பர் எடுத்துட்டு வரத்தான் எறங்குனேன், தப்பான நம்பரச் சொன்னவ சரியான நம்பரோட போறதுதான மொறை.

இன்னும் போன் போடாததையும் சேத்து முப்பத்திமூணு பச்சையையும் வெள்ளையாக்கிட்டு ஒரு தட்டு. அம்பத்திரெண்டுல நாலு. நூத்துக்கு எட்டுகூட முழுசா இல்ல. எழுவத்தொண்ணு எட்டாயிட்டு, ஒரு மத்தியானத்துல! எட்டுன்னு எப்படிப் போய்ச் சொல்ல? வாய் தெறந்து எட்டும்மான்னு சொல்லிப் பாத்தேன், ரூம்ல ஆள் இல்ல, சத்தம் எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அப்ப போன் அடிக்குது. முன்ன எடுக்காதவங்க திரும்பக் கூப்பிடுதாங்க, களக்காட்டுல இருந்து, இருநூத்தி ஆறாவது வரி. “யாரு, ஆஸ்பத்திரியா? அப்பாவா? தோட்டத்துல நிக்காவ, கூப்பிடவா?” தோட்டத்துலயா! நான் நாக்காலில இருந்து எந்திரிச்சுட்டேன். “ஆமா, வாழைக்குத் தண்ணி பாயுது. இடது கை மட்டும் வெளங்கல, கோவம் மட்டும் கூடிருக்கு.” அவங்களையும் அப்படித்தான் கொண்டுபோனாங்களாம், ஆள் எல்லாம் சொல்லி விட்டு, பந்தலுக்குக்கூட ஆள் வந்து அளந்துட்டுப் போயாச்சாம். “பால் ஊத்துனோம், ஊத்த ஊத்த முழுங்குதாவ. கடைசில எங்க சித்தப்பாதான் ‘எலேய், அண்ணன் பசில கெடக்கான்லே, டம்ளர எடுங்கலே’ன்னு சத்தம் போட்டாரு.” அவரு போன்லயே சிரிக்காரு, நானும் சிரிக்கேன், கண்ணுல தண்ணி வருது. ஒரு வெள்ளையத் திரும்பப் பச்சையாக்கினேன். அஞ்சு. அம்பத்திரெண்டுல அஞ்சு, பத்துக்குக் கொஞ்சம் கீழ. அப்புறம் கை நின்னு போச்சு. மிச்சம் முப்பத்திரெண்டு பேரு, மூக்குல குழாயும் மூச்சு மிசினும் எடுத்ததால போனாங்களா, இல்ல, எப்படியும் போறவங்களத்தான் கொண்டுபோனாங்களா? இங்கயே இருந்திருந்தா அதுல எத்தனை பேர் வாழைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருப்பாங்க? ரெண்டா? பத்தா? அது எந்தக் கட்டத்துலயும் இல்ல. யாருமே இருந்து பாக்கல, எப்படி இருக்கும். பிழைக்க மாட்டாருன்னு நம்புனா கொண்டுபோறாங்க, கொண்டுபோனா பிழைக்க மாட்டாரு, அத நான் எடுத்துக் கணக்காக்கி அடுத்த ஆளுக்குப் பிழைக்க மாட்டாருன்னு சொன்னா அவரையும் கொண்டுபோவாங்க. எட்டும் பத்தும் பொய்தான். எழுவத்தொண்ணு மாதிரியே அதுவும் சட்ட போட்டுகிட்டு வந்த பொய். எங்கிட்ட நம்பரே இல்ல. எட்டு மாசம்!

ரெண்டு மணி எட்டு நிமிசம். இப்ப இன்னொண்ணு காதுல ஓதுது. நம்பரே இல்லன்னா எதுக்குப் போய்ச் சொல்லணும்? களக்காட்டுக்காரர் மாதிரி இவரும் முழிச்சுட்டா? மாசானம் வராம இருந்தது நல்லதாப் போயிரும்ல, நடக்கப் பழகுதப்ப வந்து கையப் பிடிச்சுக்கலாம்ல, அந்தம்மா சிரிச்ச சிரிப்பு அப்படியே இருக்கட்டும்ல. பேசாம இருந்தா நான் தப்பு பண்ணேன்னு யாருக்கும் தெரியாது, மெதுவா ஷீட்டத் திருத்திட்டு டாக்டர்கிட்ட கண்டுபிடிச்சிட்டேன் சார்னு போய் நின்னா பாராட்டுகூட கெடைக்கும். இந்த நெனப்பு வந்ததும் எனக்கே முகம் சுட்டுச்சு. அந்தப் பையன் லீவ வச்சு முடிவெடுத்தது அவன் இல்ல, நான். அவன் எங்கயோ வெயில்ல கம்பி கட்டிட்டு நிக்கான், அப்பா ரெண்டு பாஸு வாங்கிட்டாருன்னு நெனச்சுட்டு நிக்கான். அவனுக்குத் தெரியாததுதான் நெசம், தெரியும்னு நான் குடுத்ததுதான் தப்பு, அத மட்டுமாவது திருப்பி வாங்கணும். எந்திரிச்சேன். படி ஏறும்போது வாக்கியம் தயார் பண்ணுதேன். அம்மா ஒரு சின்னத் திருத்தம். சீ. அம்மா காலைல சொன்னது வந்து. வந்து என்ன வந்து. அம்மா நான் ஒரு முட்டாள். இது பரவாயில்ல, ஆனா இது என்னப் பத்தி, அவங்களுக்கு எதுக்கு என் கதை. டெட்டால் வாசன, லிப்ட்டுல யாரோ கொண்டுபோற சாம்பார் வாசன, ரெண்டும் கலந்து படி பூரா கூடவே வருது.

அந்தம்மா கடைசி நாக்காலில இல்ல. ஒரு நிமிசம் உசிரே போயிட்டு. அப்புறம் பாத்தா ஜன்னல்கிட்ட நின்னு பக்கத்து பெட்டுக்காரங்க பிள்ளைக்கு சட பின்னி விட்டுட்டு இருக்காவ. “வாம்மா மார்க்கு!”ன்னு கூப்பிடுதாவ என்ன. “இந்தா, இவ கேக்கா, இவ அண்ணனுக்கும் பாத்துச் சொல்லுவியான்னு.” அந்தப் பிள்ள திரும்பி என்னப் பாக்குது, எனக்குத் தயார் பண்ண எல்லா வாக்கியமும் காணாமப் போச்சு. “அம்மா, தப்பாச் சொல்லிட்டேன்”ன்னேன். “எத?” “எழுவத்தொண்ண.” அவங்க கை சடையில அப்படியே நிக்குது, மூணு பிரியும் மூணு விரல்ல. நான் கடகடன்னு சொல்லுதேன், வீட்டுக்குக் கொண்டுபோனவங்கள எல்லாம் பிழைச்சவங்கன்னு சேத்துட்டேன்மா, அவங்க வீட்டுல போய்... எனக்குப் புத்தியில்லம்மா. அவங்களுக்கு ஒரு நொடியில புரிஞ்சிட்டு, எனக்கு எட்டு மாசம் ஆச்சு. “கொண்டுபோனா அதுக்குத்தானம்மா கொண்டுபோவாவ”ன்னாவ, என்னத் திட்டக்கூட இல்ல, எனக்குச் சொல்லித் தர்ற மாதிரி. அப்புறம் மெல்ல, “இப்ப எத்தன?” “தெரியலம்மா.” “பாஸ் இல்லையோ?” “மார்க்கே போட முடியலம்மா. டாக்டருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஒருத்தரு இப்படிக் கெடந்துட்டு இப்ப தோட்டத்துல நிக்காரு. நெறைய பேர் இல்ல. மாசானம் அண்ணன வரச் சொல்லுங்க. ரெண்டரைக்குள்ள.” சடைய முடிச்சு ரிப்பன் கட்டி அந்தப் பிள்ளையத் தட்டி அனுப்புனாவ, அவசரமே இல்லாம, எனக்கு மணி ரெண்டு இருவது ரெண்டு இருவதுன்னு மண்டைக்குள்ள அடிக்குது. அப்புறம் போன எடுத்து நம்பரப் போட்டு எங்கையில குடுத்துட்டாவ. “காலைல நாஞ் சொன்னேன். இப்ப நீ சொல்லு.”

அந்தப் பக்கம் கட்டர் மிசின் சத்தம், யாரோ இந்தில கத்துதாங்க. “அம்மா? சொல்லும்மா.” நான் அம்மா இல்லண்ணா, கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்ன பிள்ள. “ஆங், மேடம்! ரொம்ப தேங்க்ஸ் மேடம், காலைலேர்ந்து இங்க ரூம்ல எல்லாப் பயலுவகிட்டயும் சொல்லிட்டேன், எழுவத்தொண்ணுன்னு.” “அது தப்புண்ணா. எந்தப்பு. அப்பாவுக்குக் கணக்கு சொல்ல முடியல. நீங்க வந்துருங்க.” மிசின் சத்தம் நிக்கல, அவன் நின்னுட்டான். “அப்பாவுக்கு என்னமும்...?” “இல்லண்ணா, அப்படியேதான் இருக்காவ, சத்தியமா, மூச்சு மிசின்ல அப்படியேதான். ஆனா நான் வராண்டாம்னு சொல்லுததுக்குக் காரணமே இல்லாமப் போச்சு. பாக்கணும்னு நெனச்சா பாத்துருங்க.” “அப்புறம் லீவு கெடையாது மேடம், வருசம் பூரா.” “தெரியும்.” “எத்தன பர்சென்ட்டுன்னாவது...” “தெரியாதுண்ணா. இனிமே தெரியும்னு சொல்ல மாட்டேன்.” அப்புறம் யார்கிட்டயோ “எலேய், அந்த ஹெல்மெட்டப் பிடி, ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வாரேன்”னு சொல்லுதது கேக்குது, ஓடுத சத்தம் கேக்குது, அவன் கட் பண்ண மறந்து ஓடிட்டு இருக்கான், நான் போனக் காதுல வச்சுகிட்டு அந்த ஓட்டத்தக் கேட்டுகிட்டே நிக்கேன், மணல்ல பூட்ஸு, மூச்சு, மூச்சு. ரெண்டு இருவத்தாறு.

போனத் திருப்பிக் குடுத்தேன். திட்டுவாவ, இப்பத் திட்டுவாவ, திட்டட்டும்னு நிக்கேன். அவங்க போன முந்தானையில தொடச்சுட்டு, நாக்காலில உக்காந்து, தரையப் பாத்துகிட்டே, “ஆறு நாளா தொண்டைல ஒண்ணும் எறங்கல பிள்ள. இன்னைக்கு நீ சொன்னப்புறம்தான் கேண்டீன்ல போய் ரெண்டு இட்லி தின்னேன். ருசியா இருந்துச்சு. இன்னும் ஒண்ணு வாங்கித் தின்னேன்”ன்னாவ. அப்புறம் நிமிந்து, “வெக்கமா இருக்குட்டி”ன்னாவ. வெக்கம் அவங்களுக்காம். எனக்கு இல்லாம அவங்களுக்கு. பக்கத்துல உக்காந்துட்டேன், சாப்பிட்டது நல்லதும்மான்னு சொன்னா அது ஒரு பேச்சா, மன்னிச்சிருங்கம்மான்னு சொன்னா அதும் எனக்காகத்தான். அவங்க கை மேல எங்கைய வச்சேன், எடுக்கல. உள்ள மிசின் பீப் பீப்ங்குது, ஏழாம் நம்பரோடதா வேற யாரோடதான்னு தெரியாது. நாலு மணிக்கு மேல டாக்டர் வருவாரு, அவர்கிட்ட இன்னொரு தடவை இதச் சொல்லணும், அத நெனச்சா இப்ப பயம் வரல, அந்த மூணாவது இட்லிய நெனச்சாத்தான் வருது. யார்கிட்டயாவது கேக்கணும் போல இருக்கு, அதான் இங்க இருந்தே போன்ல தட்டிட்டு இருக்கேன், உங்ககிட்டயே கேக்கேன். ஒருத்தர் ஆறு நாள் பட்டினிக்கப்புறம் சாப்பிடுத மாதிரி ஒரு நல்ல வார்த்தைய நீங்க எப்பவாவது, நெசம்னு நம்பி, சொல்லிருக்கீங்களா? சொல்லிட்டு, அது நெசமில்லன்னு தெரிஞ்சு, நீங்களே நடந்து போய் அவங்ககிட்ட இருந்து திருப்பி வாங்கிருக்கீங்களா? அன்னைக்கு ராத்திரி உங்களுக்குச் சாப்பாடு எறங்குச்சா?